சாமியார் முத்திரை குத்திய ஆகாய லைசென்ஸ்

சேசு மரி சூசை துணை

பிரேசர் டவுன், பெங்களூர்,
6 மார்ச் 1938

அன்புள்ள அல்போன்சா அக்காவுக்குத் தம்பி ரெமிஜியஸ் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் இடது முட்டி ஒன்றைத் தவிர. அது மட்டும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. பினாங்கில் உன் சுகத்துக்கும் உன் பூனையின் சுகத்துக்கும் எழுதவும்.

எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. என்னிடத்தில் உத்தியோக உயர்வு பெற்றது தொப்பை மட்டும்தான். மற்றபடி அதே பியானோ வாடகைக் கடை, அதே குமாஸ்தா நாற்காலி. பியானோ வாசிக்கத் தெரியாது என்ற ஒரே தகுதிக்காகத்தான் துரை என்னை வைத்திருக்கிறார். தெரிந்தவர்களை வைத்தால் வேலையை விட்டுவிட்டு வாசிக்க உட்கார்ந்துவிடுகிறார்களாம். கடை வாசலில் நிற்கும் பெரிய பியானோவுக்கு ஒரு கால் குட்டை. நான் அட்டையை மடித்து அடியில் வைப்பேன். பெருக்குகிறவள் குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவாள். வருஷக்கணக்காக நடக்கும் யுத்தம் இது. அவள்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள்.

வாடகைக்குப் போன பியானோக்களைப் பார்வையிடும் சாக்கில் கண்டோன்மெண்டில் நான் நுழையாத வீடு இல்லை, கேட்காத கதை இல்லை. அதையெல்லாம் காகிதத்தில் எழுத முடியாது. நேரில் சொல்ல வேண்டிய சரக்கு. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

சில்வெஸ்டர் மச்சான் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் உனக்குப் பென்ஷனும் கொடுத்துவிட்டார்கள். பினாங்கில் பாதிப் பேரைப் பூமிக்கு இழுத்துப் போட்டது நீதான். மிச்சப் பாதியை வேறு மருத்துவச்சி பார்த்துக்கொள்ளட்டும். ஊருக்கு வந்துவிடு. பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. என் வீட்டுக்காரி பிரிஜெட்டும் சம்மதித்துவிட்டாள், அதாவது இதுவரை மறுக்கவில்லை. உனக்கு ஏதாவது நிபந்தனை இருந்தால் எழுது. எதுவானாலும் சரி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் செபத்தில் ஒரு மூலையில் இடம் கேட்கும்,
ரெமிஜியஸ்


பினாங்கு,
2 ஏப்ரல் 1938

அன்புள்ள ரெமிக்கு அக்காவின் ஆசீர்வாதம். நானும் பூனையும் சுகம். முட்டியில் எண்ணெய் தடவு. தடவிவிட்டு எழுந்து நட.

நிபந்தனை ஒன்று இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியும். இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். சர்க்கார் கொடுத்த லைசென்ஸ் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு சீனர், தகர வியாபாரி. அவர் வீட்டில் எல்லாப் பிரசவமும் நான்தான் பார்த்தேன். கடைசிப் பிள்ளை கால் முன்னால் வந்தது. இரண்டு உயிரும் பிழைத்ததும், “என்ன வேண்டுமோ கேளுங்கள், மிஸ்ஸி” என்றார். அவர் இங்குள்ள பறக்கும் கிளப்பில் பெரிய புள்ளி. “உங்கள் விமானத்தில் ஒரே ஒரு தடவை ஏற்றிக் காட்டுங்கள்” என்றேன். அந்த ஒரு தடவை போதாமல் போய்விட்டது. இறங்கி வந்ததும் கிளப்பில் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. வெட்கப்படுகிற வயது தாண்டியிருந்தது.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கோபிக்காதே. உன்னிடம் ஒன்றைச் சொல்வதும் கோயிலில் ஊரறியக் கலியாண ஓலை வாசிப்பதும் ஒன்று.

ஊருக்கு வர எனக்கும் ஆசைதான். ஆனால் வந்து பின்கட்டில் உட்கார்ந்து சுண்ணாம்பு அடித்த கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். என் லைசென்ஸ் மலாயாவில் கொடுத்தது. இங்கே செல்லும், அங்கே செல்லாது. இந்திய சர்க்கார் அதைப் பார்த்து, ஏற்றுக்கொண்டோம் என்று மேலெழுத்துப் போட்டால்தான் பெங்களூரில் நான் பறக்கலாம். போடுவார்களா, பறக்க அங்கே விமானம் உண்டா என்று விசாரி. நடந்தால் வருகிறேன். நடக்காவிட்டால் உன் மச்சானுக்குப் பக்கத்திலேயே எனக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

பிரிஜெட்டுக்கு என் அன்பு.
அல்போன்சா


பிரேசர் டவுன்,
24 ஏப்ரல் 1938

அன்புள்ள அக்காவுக்கு, உன் சுகத்தை இனி நான் விசாரிக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவர்கள் எல்லாரும் நித்திய சுகத்தில் இருக்கிறார்கள் என்று சாமியார் வாராவாரம் சொல்கிறார்.

உன் சொற்படி உட்கார்ந்துதான் படித்தேன். பிரிஜெட் நின்றுகொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளும் உட்கார்ந்தாள்.

“உங்க அக்காவுக்கு இன்னா ஆச்சி? இந்த வயசுல செபமாலை உருட்டுவாங்களா, வானத்துல உருளுவாங்களா? நாளைக்கு விழுந்து வெச்சா நாந்தானே ஊருக்குப் பதில் சொல்லணும்?”

“விழுந்தா ஊரே பாத்துடும், நீ சொல்ல வேணாம்” என்றேன். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. ரொட்டிக்கடை தியோடரிடம் மட்டும் சொன்னேன். அவன் பெண்சாதி பக்கத்தில்தான் நின்றாள், ஆனால் அவளுக்குக் காது மந்தம் என்று நினைத்தேன். இல்லை போலிருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் ஜனங்கள் எனக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள்.

இனி நல்ல செய்தி. வைட்ஃபீல்டில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் எங்களிடம் பியானோ எடுத்திருக்கின்றன. அங்கே போன இடத்தில் விசாரித்தேன். ஊருக்கு வெளியே கேழ்வரகுக் கொல்லையை ஒட்டி ஒரு பறக்கும் கிளப் இருக்கிறது. கிளப் என்றால் ஒரு தகரக் கொட்டகை, முன்னும் பின்னும் இரண்டு சீட்டுள்ள ‘மாத்’ என்கிற ஒரே ஒரு விமானம், காப்பித் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், மைதானத்தில் மேயும் ஆடுகளை விரட்ட ஒரு காவற்காரன். காரியதரிசி கஸ்தூரிரங்கன் என்கிற ஐயங்கார்; மைசூர் சர்க்காரில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். உன் வயதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. சொன்னேன்.

“ஏனு ஸ்வாமி, ஐம்பத்தொண்ணா? பேஷ்! உடனே வரச் சொல்லுங்கோ. எங்க பசங்க எல்லாம் இருபத்தஞ்சு வயசு. வாரத்துக்கு ஒரு தரம் வேலியிலே கொண்டுபோய் நிறுத்தறான்கள்.”

அவர் சொன்ன முறை இது: உன் லைசென்ஸ், நீ பறந்ததையெல்லாம் எழுதி வைத்த லாக் புத்தகம், வைத்தியர் சான்று, மூன்றும் டில்லிக்குப் போக வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மறுபேச்சில்லாமல் மேலெழுத்துப் போட்டுவிடுவார்களாம். ஆகவே அனுப்பு.

நீ வந்ததும் முதல் சவாரி எனக்குத்தான். ரெமிஜியஸ் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

சிறகில்லாத தம்பி,
ரெமிஜியஸ்


பினாங்கு,
20 மே 1938

அன்புள்ள ரெமிக்கு, சுகம். அங்கே வெயில் எப்படி? பிரிஜெட்டைக் குழம்பில் உப்புப் போடச் சொல்.

மூன்றையும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அப்படியே கஸ்தூரிரங்கன் கையில் கொடு. அவர் அனுப்புவார். நீ ஒன்றும் செய்யாதே. வைத்தியர் சான்று இந்த வருஷக் கடைசிவரை செல்லும். புதிதாக எடுக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால், செல்லும் என்று சொல்.

முதல் சவாரிக்கு நன்றி. மாதா திருவிழா ராட்டினத்தில் ஏற்றியதற்கே மூன்று நாள் காய்ச்சலில் படுத்தவன் நீ. இருந்தாலும் வாக்கைக் குறித்துக்கொண்டேன்.

அல்போன்சா


பிரேசர் டவுன்,
12 ஜூன் 1938

அன்புள்ள அக்காவுக்கு, மழை பிடித்துவிட்டது, முட்டி அதற்கு முன்பே எனக்குத் தந்தி கொடுத்துவிட்டது. மற்றவர்கள் சுகம்.

உன் காரியம் முடிந்தது என்றே வைத்துக்கொள். கஸ்தூரிரங்கன் தம் மகளின் பிரசவத்துக்காக நஞ்சன்கூடு போயிருக்கிறார், வர ஒரு மாதமாகும் என்றார்கள். ஒரு மாதம் உன் காகிதங்களை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? நானே டில்லிக்கு அனுப்பிவிட்டேன்.

வெறுமனே அனுப்பவில்லை. நம் ஜனங்களில் எந்தக் காகிதம் சாமியார் முத்திரை இல்லாமல் செல்லுபடியாகியிருக்கிறது? பள்ளிக்கூடத்தில் சேர, வேலையில் சேர, கலியாணம் கட்ட, கல்லறையில் இடம் வாங்க, எல்லாவற்றுக்கும் அதுதானே வழக்கம். பெரிய சாமியாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பிரான்சு தேசத்திலிருந்து வந்து நாற்பது வருஷமாகிறது. தமிழில் கோபித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். சின்ன வயதில் உனக்குப் புதுநன்மை கொடுத்ததே அவர்தானே, பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. லாக் புத்தகத்தில் ஒரு பக்கம் விடாமல் பங்குக் கோயில் முத்திரையைக் குத்தி, “உண்மை என்று அறிவேன்” என்று கையெழுத்துப் போட்டார். வைத்தியர் சான்றிலும் ஒன்று. லைசென்ஸில் உன் படத்தின் நெற்றியில் ஒன்று. ஒரு பலத்துக்கு இருக்கட்டும் என்று உன் ஞானஸ்நானச் சான்றும் உறுதிபூசுதல் சான்றும் சேர்த்து வைத்தேன்.

இன்னொன்று. கடுகு பொறுக்கி வைத்ததுபோல எழுதுவாயே, போன கடிதத்தில் எழுத்தெல்லாம் கத்தரிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. பினாங்கில் காகிதம் மலிவா?

காரியத்தில் கெட்டிக்காரன்,
ரெமிஜியஸ்


பிரேசர் டவுன்,
31 ஜூலை 1938

அன்புள்ள அக்காவுக்கு, உன் தந்தி வந்தது. ‘கழுதை நிறுத்து’ என்று இரண்டே சொல். காசைப் பார்க்காமல் சுகமும் விசாரித்திருக்கலாம். அது வருவதற்குள் காகிதம் டில்லி சேர்ந்துவிட்டது.

டில்லியிலிருந்து பதிலும் வந்துவிட்டது. கஸ்தூரிரங்கன் எனக்காக வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். அதில் இருந்தது இதுதான்:

‘விண்ணப்பதாரர் ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் முறைப்படி பெற்றவர் என்பதைக் குறித்துக்கொண்டோம். ஆனால் அவர் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்க வல்லவர் என்பதை மேற்படி குருவானவர் எவ்வாறு அறிந்தார் என்பது விளங்கவில்லை.’

இதைச் சாமியாரிடம் காட்டினேன். “மடையா! அவள் ஆத்துமம் மேலே போகும் என்பதற்குத்தான் நான் சாட்சி. உடம்பு கீழே இறங்குவதற்கு நான் எப்போது சாட்சி சொன்னேன்?” என்று பிரம்பைத் தேடினார். எனக்கு நாற்பத்தாறு வயது என்பதை ஞாபகப்படுத்திவிட்டு வெளியே வந்தேன்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேள். முத்திரை பட்ட காகிதங்களை அப்படியே ஏற்க மாட்டார்களாம். மலாயா அதிகாரிகளிடமிருந்து உன் லைசென்ஸ் நிஜம்தான் என்று ஒரு கடிதம் வேண்டும். நீ மதராஸ் வந்து அவர்களுடைய ஆள் முன்னால் பறந்து காட்டி, இந்திய ஆகாய விதிகளில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் முன்பாக வைத்தியர் சான்று புதிதாக வேண்டும். கண், காது, இருதயம் எல்லாம் முதலிலிருந்து. உனக்கென்ன, நீ ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தவள், ஒரு காலை வேலை. அவ்வளவுதானே அக்கா?

எழுத்து ஏன் பெரிதாயிற்று என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ரெமிஜியஸ்


பிரேசர் டவுன்,
25 செப்டம்பர் 1938

அன்புள்ள அக்காவுக்கு, சுகம்தானே? இது மூன்றாவது கடிதம். ஆகஸ்டில் எழுதியதற்கும் பதில் இல்லை.

தியோடர் கடை வாசலில் தபால்காரனைப் பார்த்தால் இப்போதெல்லாம் நான் ரொட்டியைப் பார்க்கிறேன். ஊர் கேட்கிறது, அக்கா எப்போது வருகிறாள் என்று. மழை முடியட்டும் என்கிறேன். மழை முடிந்துவிட்டது.

கஸ்தூரிரங்கன் நேற்றுச் சொன்னார்: நான் அவர் வரும்வரை பொறுத்திருந்தால் உன் பழைய வைத்தியர் சான்றே போதுமாயிருந்திருக்குமாம். வருத்தமாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதன் பிறகு நான் வைட்ஃபீல்ட் பக்கம் போகவில்லை.

இதை மட்டும் சத்தமாகப் படிக்காதே. கண்டோன்மெண்ட் முழுக்க நான் சொல்லும் பொய்யை ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். பிரிஜெட் காதிலேயே வாங்குவதில்லை. ‘அடப் பொய்யா’ என்று தலையில் குட்ட ஆளில்லாமல் இத்தனை வருஷம் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

லைசென்ஸ் கிடைக்காவிட்டாலும் வா, அக்கா. கூரையில் வேண்டுமானால் ஒரு ஓட்டை போட்டுத் தருகிறேன்.

ரெமிஜியஸ்


பினாங்கு,
9 அக்டோபர் 1938

அன்புள்ள ரெமிக்கு ஆசீர்வாதம். சுகம். இப்போது நிஜமாகவே சுகம்.

கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. எழுதாமல் இருந்தது வெட்கத்தால். கண் ஒரு வருஷமாகச் சரியில்லை. பழைய சான்று செல்லும்வரை செல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். டில்லி புதுச் சான்று கேட்டது. போய் நின்றேன். சுவரில் மாட்டிய எழுத்துகளில் மேல் வரிசையைத் தவிர எல்லாம் எறும்பு. வைத்தியர் நான் பிரசவம் பார்த்த பிள்ளை. “சிஸ்டர், நீங்கள் பறக்கக் கூடாது” என்று என்னைவிட அதிகமாக அழுதான்.

அப்போது அவனுக்கே ஒரு யோசனை வந்தது. கூலிக்கல்லாமல் தங்களுக்காகப் பறப்பவர்கள் கண்ணாடியோடு பறக்கலாம், பார்வை அதில் நேரானால் போதும் என்று விதியில் இருக்கிறது. சிங்கப்பூரில் சொல்லி, பறக்கும்போது போடும் காற்றுக் கண்ணாடிக்குள்ளேயே மூக்குக் கண்ணாடி சில்லுகளைப் பதித்து வாங்கினேன். போன வாரம் வந்தது. போட்டுக்கொண்டு மேலே போனேன். ரெமி, எங்கள் மைதானத்து ஓரத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதற்கு இலை இருக்கிறது! நான் இவ்வளவு நாள் அதைக் கொட்டகை என்று நினைத்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் சாமியார் முத்திரை குத்தாமல் இருந்தால் கண்ணாடி போடாமலே வந்து வைட்ஃபீல்டில் ஏதாவதொரு மரத்தின்மேல் குடியேறியிருப்பேன். ஆகவே கழுதை என்றதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

புதுச் சான்று கிடைத்துவிட்டது. மலாயா கடிதமும் வந்துவிட்டது. இந்த மாதக் கப்பலில் புறப்படுகிறேன். மதராஸில் சித்தி மகள் ஜோசஃபின் வீட்டில், சாந்தோமில் இருப்பேன். பரீட்சை முடியும்வரை நீ வராதே. டிக்கெட் இருவழிக்கும் எடுத்திருக்கிறேன். டில்லி மாட்டேன் என்றால் ஜனவரிக் கடைசிக் கப்பலில் திரும்பிவிடுவேன். பூனையைச் சீனர் வீட்டில் விட்டிருக்கிறேன், கொடுத்துவிடவில்லை.

அல்போன்சா


சாந்தோம், மதராஸ்,
13 நவம்பர் 1938

அன்புள்ள ரெமிக்கு, ஜோசஃபினும் நானும் சுகம். அவள் எனக்கு மீன் பொரித்துப் போட்டே விமானத்தின் பாரத்தை ஏற்றிவிடுவாள் போலிருக்கிறது.

நேற்றுப் பரீட்சை நடந்தது. பரங்கிமலைப் பக்கத்து மைதானம். பரீட்சிக்க வந்த துரைக்கு மீசை இன்னும் முழுதாக வரவில்லை. என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

முதலில் கேள்வி. “ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பறந்தால் எந்தப் பக்கமாகப் பறக்க வேண்டும்?” தண்டவாளம் என் இடது கைப் பக்கம் இருக்கும்படி பறக்க வேண்டும், எதிரே வருகிறவனும் அப்படியே வந்தால் முட்டிக்கொள்ள மாட்டோம் என்றேன். தலையை ஆட்டினார். “இதுவரை அபாயமான சந்தர்ப்பம் எதையாவது சமாளித்திருக்கிறீர்களா?” சீனர் வீட்டுக் கடைசிப் பிரசவத்தைச் சொன்னேன். பாவம், முகம் வெளுத்துவிட்டது. கேள்விக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

பிறகு மேலே போனேன். எட்டுப் போட்டேன். மேலேயே என்ஜினை அடக்கிவிட்டுச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் இறக்கச் சொன்னார். இறக்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை ரெமி, பிரசவம் மாதிரிதான். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. அதுவாக வரும், கையைத் தயாராக வைத்துக்கொண்டால் போதும். வட்டத்துக்குள் நின்றது. துரை ஓடி வந்து நான் இறங்கக் கை கொடுத்தார். வயதுக்கா, வட்டத்துக்கா தெரியவில்லை.

நல்லபடியாக எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் முடிவு டில்லியின் கையில். பதில் உன் விலாசத்துக்கு வரும். வந்தால் உறையைப் பிரிக்காதே.

அல்போன்சா


பிரேசர் டவுன்,
11 டிசம்பர் 1938

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே நான், பிரிஜெட், முட்டி, பிரேசர் டவுன் ஜனங்கள் அனைவரும் பரம சுகம்!

உறையை நான் பிரிக்கவில்லை. தபால்காரன் அதைத் தியோடர் கடையில் கொடுத்துவிட்டான். தியோடர் பிரிக்கவில்லை, ரொட்டி வெட்டும் கத்தி பக்கத்தில் இருந்தது. ஏற்றுக்கொண்டார்கள் அக்கா! உன் லைசென்ஸில் மேலெழுத்து, கையெழுத்து, தோசைபோல ஒரு பெரிய சர்க்கார் முத்திரை. உன் நெற்றியில் நம் கோயில் முத்திரையும் அழியாமல் இருக்கிறது. சாமியார் அதைப் பார்த்துவிட்டு, “என் முத்திரைக்குப் பக்கத்தில்தான் போட்டிருக்கிறார்கள்” என்று திருப்திப்பட்டார். ஞாயிறு பூசையில் கலியாண ஓலைகள் வாசித்து முடித்ததும் உன் செய்தியையும் வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். ஒருவரும் சொல்லவில்லை.

கஸ்தூரிரங்கன் ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறார். கிளப் விமானம் வருஷாந்தர மராமத்துக்காக மதராஸில் இருக்கிறது. ஜனவரியில் தயாராகிவிடும். “அக்காவே ஓட்டிண்டு வந்துடட்டுமே, எங்க பசங்க கொண்டு வந்தா மறுபடி மராமத்துக்கு அனுப்பணும்” என்கிறார். லைசென்ஸை எடுத்துக்கொண்டு நானும் பிரிஜெட்டும் பொங்கலுக்கு அங்கே வருகிறோம். திரும்பும்போது முன் சீட்டில் நான். வாக்கு ஞாபகம் இருக்கிறது. முட்டிக்கு உயரத்தில் குளிர் ஆகாது என்று யாரோ சொன்னார்கள். அதையும் விசாரித்து வை.

பிரிஜெட் ஒரு வாரமாகக் கம்பளித் தொப்பி பின்னுகிறாள். எனக்காகத்தான் என்று நெஞ்சு உருகிப்போய் எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. “பெருசாப் பின்னு” என்றேன். அவள் அதே அளவிலேயே பின்னுகிறாள்.

பூனை எப்படி இருக்கிறதாம்? சும்மா கேட்டேன்.

ரெமிஜியஸ்


சாந்தோம்,
18 ஜனவரி 1939, விடியற்காலை

ரெமி, நீ தூங்கவில்லை. தூங்குகிறவன் கால் பெருவிரலை ஆட்ட மாட்டான். தொட்டில் காலத்திலிருந்து உன்னை எழுப்பி வருகிறவள் நான், எனக்குத் தெரியாதா? கண்ணைத் திறக்க வேண்டாம். நாங்கள் வண்டி ஏறிப் போன சத்தம் கேட்ட பிறகு எழுந்து இதைப் படி.

வாக்கிலிருந்து உன்னை விடுவித்துவிட்டேன். முன் சீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்தத் தொப்பி யார் தலைக்கு என்று இப்போது விளங்கியிருக்கும். நேற்று நீ முட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பிரிஜெட் என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துப்போய், “அக்கா, அவரு வரமாட்டாரு. நான் வரட்டா? ஏப்ரல் மாசத்துல இருந்து கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன்” என்றாள். உப்பில்லாத குழம்புக்கெல்லாம் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது.

உன் ரயில் டிக்கெட் தலையணைக்கு அடியில் இருக்கிறது. காலை வண்டி. நாங்கள் பனி விலகிய பிறகுதான் கிளம்புவோம், தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே வருவோம். விதி உனக்குத் தெரியும்: தண்டவாளம் எனக்கு இடது பக்கம். ஆகவே நீ வலப் பக்க ஜன்னலில் உட்கார்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு டிக்கெட்டும் இருக்கிறது. அது கப்பல் டிக்கெட். திரும்பும் பாதி. பூனையைச் சீனர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டதாக நேற்று எழுதிப் போட்டேன். இந்தப் பாதி உனக்கு உதவும். கெட்டி அட்டை. கடைப் பியானோவின் குட்டைக் காலுக்கு வை.

ஜோசஃபின் இட்டிலி வைத்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுப் போ.
அக்கா


தபால் கார்டு

ஜோலார்பேட்டை ரயிலடி,
18 ஜனவரி 1939

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். சுகம். சுகம்.

இந்தக் கார்டு நாளைக்கு வரும். அதற்கு முன் நான் வந்துவிடுவேன், எனக்கு முன் நீ. இருந்தாலும் வண்டி இங்கே நிற்கும்போதே எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

வலப் பக்க ஜன்னலை வேலூர்த் தோல் வியாபாரி ஒருவர் பிடித்திருந்தார். “சாயபு, கொஞ்சம் இடம் குடுங்க. எங்க அக்கா மேல வராங்க, பாக்கணும்” என்றேன். “மேலயா? எப்போ மவுத்தானாங்க?” என்று இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். ஆம்பூர் தாண்டியதும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மலைக்கு இந்தப் பக்கமாக, தென்னைமர உயரத்துக்கு நீ வந்துகொண்டிருக்கிறாய்! முன் சீட்டில் பழுப்புத் தொப்பி. இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறாள். கலியாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“எங்க அக்கா! முன்னாடி எங்க வீட்டுக்காரி!” என்று கத்தினேன். பெட்டி முழுவதும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததாக ரயில் கார்டு வந்து புகார் சொன்னார். நீ இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு முந்திக்கொண்டு போனாய்.

சாயபு கேட்டார், “நீங்க மட்டும் ஏன் பாய் ரயில்ல வரீங்க?” முட்டி வலி என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். ஒருவரும் நம்பவில்லை.

கப்பல் டிக்கெட்டை நாலாக மடித்துப் பார்த்தேன். பியானோக் காலுக்குச் சரியாக இருக்கும். பெருக்குகிறவளிடம் இன்றே போய்ச் சொல்கிறேன், இதைத் தொட்டால் கொலை விழும் என்று.

மணி அடித்துவிட்டான். இனி கடல் தாண்டும் தபால்தலை வேண்டாம். விலாசம் மட்டும் எழுதிப் போடுகிறேன்:

மிஸஸ் அல்போன்சா சில்வெஸ்டர்,
பின்கட்டு அறை,
ரெமிஜியஸ் வீடு,
பிரேசர் டவுன், பெங்களூர்.